தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறதா?

கேள்வி: தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறது என்று அம்மா மாதக்கணக்கில் சொல்கிறார், பொருக்கையும் நூல்துணுக்கையும் டப்பாவில் சேர்த்துக் காட்டுகிறார். தோல் மருத்துவர் ஒன்றுமில்லை என்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்த டப்பாதான் துப்பு, 'பூச்சி' என்று இப்படித் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து காட்டுவதால் மருத்துவர்கள் இதைத் தீப்பெட்டி அடையாளம் என்றே சொல்வார்கள். 1938-இல் ஸ்வீடன் மருத்துவர் எக்போம் விவரித்த, இல்லாத பூச்சி இருப்பதாக உறுதியாக நம்பும் மருட்சி நோயாக இருக்கலாம். ஆனால் சிரங்கு, பி12 குறைபாடு, தைராய்டு, அப்புறம் அவர் சாப்பிடும் மருந்துகள், இதையெல்லாம் பார்க்காமல் மனநோய் என்று முத்திரை குத்தாதீர்கள். அரிப்பு நிஜம், அதனால் 'பூச்சியே இல்லை' என்று மல்லுக்கட்டவும் வேண்டாம், 'ஆமாம்' என்று தலையாட்டவும் வேண்டாம். 'தூங்க முடியாமல் கஷ்டப்படுகிறீர்களே, அதற்கு வழி பார்ப்போம்' என்று மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ரிஸ்பெரிடோன் போன்ற, மருட்சியைக் குறைக்கும் மாத்திரை குறைந்த அளவிலேயே பலருக்குக் கேட்கிறது, சில வாரம் பிடிக்கும். பூச்சிமருந்தை உடம்பில் பூச மட்டும் அனுமதிக்காதீர்கள்.