ஒரே இரண்டு எழுத்து: யமாட்டோவா, டைவாவா?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்3 நிலை முடித்திருக்கிறேன். 'யமாட்டோ' என்ற பெயர் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. ஒரு நகரத்தின் பெயராக வந்தால் யமாட்டோ. அதே இரண்டு எழுத்துகள் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் பெயரில் வந்தால் டைவா. போன வாரம் ஒரு முகவரியில் யமாட்டோ என்று எழுதினேன், தவறென்று திருத்தி அனுப்பினார்கள். கூரியர் கம்பெனி, போர்க்கப்பல், என் மகன் பார்க்கும் கார்ட்டூன் எல்லாமே யமாட்டோ. எல்லாம் ஒரே பெயர்தானா? எதை எப்படிப் படிப்பது? தமிழில் எப்படி எழுதுவது?

பதில்: நீங்கள் இடறிய கல்லில் நானும் இடறியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் முகவரிப் பட்டியலைச் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தேன். மியாகி மாநிலம், யமாட்டோ ஊர் என்றதும் எதிரே இருந்த பொறியாளர் மெல்லத் தொண்டையைச் செருமினார். மியாகியில் இருப்பது தைவா. எழுத்து அதேதான், வாசிப்பு வேறு. உங்களைத் திருத்தியதும் இந்த ஊராகவே இருக்கலாம். டோக்கியோ எலக்ட்ரான் மியாகி போன்ற தொழிற்சாலைகள் அங்கே இருப்பதால் உங்கள் துறையில் இந்த முகவரி அடிக்கடி வரும்.

குழப்பத்துக்குக் காரணம், இந்தப் பெயரில் ஒலியும் எழுத்தும் வெவ்வேறு வீட்டிலிருந்து வந்து சேர்ந்தவை. யமாட்டோ என்ற ஒலி பழையது. இன்றைய நாரா மாநிலம் இருக்கும் பகுதிக்கு அது பெயர். அங்கிருந்துதான் பழைய அரசவை வளர்ந்தது. அதனால் ஊர்ப் பெயர் நாட்டுக்கே பெயராயிற்று. சீனர்களோ அந்தத் தீவுக்காரர்களை 'வா' என்று ஓர் எழுத்தால் குறித்தார்கள். அந்த எழுத்துக்கு அடங்கிப் போகிறவன், குள்ளன் என்றெல்லாம் பொருள் சொல்வதுண்டு. யாருக்குத்தான் பிடிக்கும்? எட்டாம் நூற்றாண்டில் அதே 'வா' ஒலியுடைய, இணக்கம் என்ற பொருள் தரும் எழுத்தை அங்கே வைத்தார்கள். முன்னால் 'பெரிய' என்ற எழுத்தும் சேர்ந்தது. எழுதியது 'பெரிய இணக்கம்', வாய் சொன்னது யமாட்டோ. இரண்டு எழுத்திலும் ய-வும் இல்லை, ம-வும் இல்லை. எழுத்துக்கூட்டிப் படித்தால் டை-வா என்றுதான் வரும்.

ஆகவே இந்தப் பெயரை எங்கே பார்த்தாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: பெயர் வைத்தவர் ஒலியை எடுத்தாரா, எழுத்தை எடுத்தாரா?

ஒலியை எடுத்தவர்கள் பெரும்பாலும் பழம்பெருமையைத் தேடிப் போனவர்கள். 712-இல் எழுதி முடிக்கப்பட்ட கொஜிகி என்ற பழங்கதை நூலில் யமாட்டோ தகெரு என்ற இளவரசன் வருகிறான். பெண் வேடமிட்டு எதிரியின் விருந்துக்குள் நுழைந்து அவனைக் கொல்கிறான். சாகும் தறுவாயில் அந்த எதிரியே சூட்டிய பெயர் இது. சொந்த பாணி ஓவியத்தைச் சீன பாணி ஓவியத்திலிருந்து பிரித்துச் சொல்ல யமாட்டோ-எ என்றார்கள். சீனத்திலிருந்து வந்த சொற்கள் கலக்காத சொந்தச் சொற்களுக்கு யமாட்டோ-கொதொபா என்று பெயர்; தனித்தமிழ் பேசும் ஊரிலிருந்து வரும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலைக்கு யமா என்பது சொந்தச் சொல், சன் என்பது சீன வழிச் சொல். ஃபுஜி-சன் என்பதில் இருக்கும் சன் மலைதான், நீங்கள் மேலாளருக்குப் போடும் மரியாதைச் சன் அல்ல.

எழுத்தை எடுத்தவர்கள் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். டோக்கியோவின் மேற்கே ஹிகாஷியமாட்டோ என்று ஒரு நகரம். 1919-இல் ஆறு கிராமங்கள் ஒன்றாகச் சேர்ந்தபோது, பழைய சச்சரவுகளை விட்டுப் பெரிய இணக்கத்தோடு இருப்போம் என்று இந்த இரண்டு எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்டார்கள். 1970-இல் நகரமானபோது கனகாவா மாநிலத்தில் ஏற்கெனவே யமாட்டோ நகரம் இருந்ததால் முன்னால் 'கிழக்கு' சேர்ந்தது. அந்தக் கனகாவா யமாட்டோவும் இதே வழியில் வந்ததுதான். ஊருக்குள் பிரிவினைத் தகராறு முற்றிப்போய், 1891-இல் சுருமா கிராமம் என்ற பெயரை விட்டுவிட்டு இதைச் சூட்டினார்கள். இரண்டு ஊர்களுக்கும் நாராவுக்கும் நேரடி உறவு இல்லை. இவை சமாதான உடன்படிக்கையைப் பெயராகப் போட்டுக்கொண்ட ஊர்கள்.

டைவா செக்யூரிட்டீஸ், டைவா ஹவுஸ் இரண்டிலும் அதே எழுத்துகள், ஆனால் எழுத்துக்கூட்டிய வாசிப்பு. மூன்றாவதாக ஒரு ரகமும் உண்டு. குமமோட்டோ மாநிலத்தில் ஒரு யமாட்டோ இருக்கிறது. 1854-இல் கட்டிய சூஜுன் கல் நீர்ப்பாலம் அங்கேதான். 2005-இல் உருவான இந்த ஊரின் பெயரில் இருப்பது 'மலை', 'தலைநகர்' என்ற எழுத்துகள். ஒலி மட்டும் ஒன்று. இதைக் கவனிக்காமல் கன்ஜியை, அதாவது பொருள் தரும் சீன எழுத்தை, மாற்றிப் போட்டால் முகவரி தப்பு.

உங்கள் கூரியரும் மகனின் கார்ட்டூனும் சுலபம். இரண்டும் ஒலியை மட்டும் காட்டும் கட்டகனா எழுத்தில் எழுதப்படுகின்றன, ஆகவே வேறு வாசிப்புக்கு இடமே இல்லை. கூரியர் கம்பெனி 1919-இல் நான்கு லாரிகளோடு தொடங்கியது. அப்போது பெயர் கன்ஜியில்தான் இருந்தது. குட்டியைக் கவ்விச் செல்லும் கறுப்புப் பூனைச் சின்னத்தால் ஜப்பானியர் பேச்சில் அதைக் குரொனெகோ, அதாவது கறுப்புப் பூனை, என்றே சொல்வார்கள். தொலைபேசியில் "குரொனெகோவில் அனுப்பினேன்" என்று யாராவது சொன்னால் திகைக்காதீர்கள்.

கார்ட்டூன் 1974-இல் வந்தது. கடலில் மூழ்கிய போர்க்கப்பலை விண்கப்பலாக மாற்றி எழுப்பும் கதை. அந்தக் கப்பல் நிஜம். குரே கடற்படைத் தளத்தில் கட்டிய 263 மீட்டர் நீளக் கப்பல், 46 சென்டிமீட்டர் வாய் கொண்ட ஒன்பது பீரங்கிகள். 1945 ஏப்ரல் 7 அன்று ஒகினாவாவுக்குப் போகும் வழியில் அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்தன. சுமார் 3,000 பேர் இறந்தார்கள். ஜப்பானியக் கடற்படை போர்க்கப்பல்களுக்குப் பழைய மாகாணங்களின் பெயரை வைத்தது. இதன் சகோதரக் கப்பல் முசாஷியும் அப்படித்தான், அது இன்றைய டோக்கியோ, சைதாமா பக்கத்து மாகாணம். (டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரம் ஏன் சரியாக 634 மீட்டர் என்றால், 6-3-4 என்ற எண்களை மு-சா-ஷி என்று படிக்கலாம். பெயர் விளையாட்டில் இவர்களை மிஞ்ச ஆளில்லை.)

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எழுத்துப்பிழையைவிட இதில்தான் மொழிபெயர்ப்பாளர் பெயர் கெடும். யமாட்டோ-தமாஷி என்ற சொல், யமாட்டோ உள்ளம். பதினோராம் நூற்றாண்டின் கென்ஜி கதை என்ற புனைகதையில் இது வரும்போது வீரமே இல்லை. சீன நூற்படிப்புக்கு எதிரே வைத்த உலக நடப்பறிவு, அவ்வளவுதான். பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் மோதோரி நொரினாகா, யமாட்டோ மனம் (யமாட்டோ-கொகொரோ) எதுவென்று கேட்டால் காலை வெயிலில் ஒளிரும் மலைச் செர்ரிப் பூ என்று பாடினார். 1944 அக்டோபரில் முதல் தற்கொலை விமானப் படைப் பிரிவுகளுக்கு அந்தப் பாட்டின் சொற்களையே பெயராக வைத்தார்கள்: ஷிகிஷிமா, யமாட்டோ, அசாஹி, யமாசகுரா. அதன்பிறகு யமாட்டோ-தமாஷி என்ற சொல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. விளையாட்டுச் செய்தியில் வந்தால் 'விடாப்பிடி' என்று பெயர்க்கலாம். பழைய இலக்கியத்தில் அப்படிப் போட்டால் அபத்தம். ஒகினாவாக்காரர் ஒருவர் யமாதுன்ச்சு என்றால் அவர் தன்னைச் சொல்லவில்லை, பெருந்தீவுகளிலிருந்து வந்த 'அவர்களை'ச் சொல்கிறார். அதை வெறுமனே 'ஜப்பானியர்' என்று பெயர்த்தால் பேச்சின் முள் போய்விடும்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? ஜப்பானிய உச்சரிப்பு ய-ம-தொ, மூன்றும் சம அளவு குறில். அந்த 'த' பத்து என்பதில் வரும் வல்லினத் த. 'யமதோ' என்று எழுதினால் தமிழ் வாய் அதை மெலிதாக்கிவிடும், யமனும் எட்டிப் பார்ப்பான். 'யமத்தோ' என்பதே கிட்டத்தட்டச் சரி. நாம் எழுதும் 'யமாட்டோ'வில் நெடில் மாவும் டகரமும் ஆங்கிலம் வழியாக வந்து ஒட்டிக்கொண்டவை, டொயோட்டாவைப் போல. ஆனாலும் நான் யமாட்டோ என்றே எழுதுகிறேன், தேடுகிறவருக்கு அதுதான் கிடைக்கும். உங்கள் அலுவலகக் கலைச்சொல் பட்டியலில் ஒன்றை முடிவு செய்து எல்லா ஆவணத்திலும் அதையே போடுங்கள். டைவா, தைவா விஷயத்தில்தான் உண்மையான ஆபத்து: முதல் ஒலி ஒன்றில் ட-வின் மெலிந்த வடிவம், மற்றதில் வல்லினம், ட, த என்று பிரித்து எழுதினாலும் தமிழ் எழுத்தில் அந்த வேறுபாடு உறுதியாக நிற்காது. முகவரி, ரசீது, ஒப்பந்தம் என்றால் பக்கத்தில் கன்ஜியையும் கட்டாயம் விட்டுவையுங்கள்.

சந்தேகம் வந்தால் ஊகிக்க வேண்டாம். ஊர்ப் பெயருக்கு ஜப்பான் அஞ்சல் தளத்தில் ஏழு இலக்க அஞ்சல் எண்ணைப் போட்டால் வாசிப்பு கட்டகனாவில் வரும். நிறுவனத்துக்கு, தேசிய வரி முகமையின் 13 இலக்க நிறுவன எண் தளத்தில் பல பெயர்களுக்கு ஃபுரிகனா, அதாவது வாசிப்புக் குறிப்பு, கிடைக்கும். ஆள் பெயர் என்றால் விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். யமாட்டோ இப்போது ஆண் குழந்தைகளுக்கும் வைக்கும் பெயர், எழுத்தோ பல விதம். அதிலும் இல்லையென்றால் அவரிடமே கேட்டுவிடுங்கள். பெயரை எப்படிப் படிப்பது என்று ஜப்பானியரே ஒருவரையொருவர் தினமும் கேட்டுக்கொள்கிறார்கள், அன்று என் கூட்டத்தில் நான் மட்டும்தான் கேட்கவில்லை.