பாரிஸ் பிஸ்த்ரோவில் ஆபீஸ் விருந்து

பாரிஸ் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, மேனேஜர் டீமோடு நல்ல பிஸ்த்ரோ (சிறிய உணவகம்) ஒன்றுக்கு இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார், மாட்டிறைச்சியும் பன்றியும் ஆகாது, முள்கரண்டியும் பழக்கமில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள் தம்பி.

முள்கரண்டிக் கவலையை விடுங்கள். தட்டுக்குப் பக்கத்து வரிசையில் வெளிப்பக்கம் இருப்பதை முதலில் எடுத்து உள்ளே வந்தால் போதும். உங்கள் கையை யாரும் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

மெனுவில்தான் கண் வேண்டும். மாடு 'பெஃப்' என்ற பெயரில் மட்டும் வராது. 'வோ' என்றால் கன்று. 'தார்தார்' பெரும்பாலும் பச்சை மாட்டிறைச்சி, அடுப்பையே பார்த்திராதது. சாலட்தானே என்று லியோன் சாலட் கேட்டால், இலைகளுக்கு நடுவே 'லார்தோன்' என்ற பன்றித் துண்டுகள் கிடக்கும். வெங்காய சூப் இன்னும் மோசம். மேலே உருகிய சீஸ், கீழே பொன்னிறமாக வதங்கிய வெங்காயம், ஒரு துண்டு இறைச்சிகூடக் கண்ணில் படாது. ஆனால் பல இடங்களில் அந்தச் சாறே மாட்டெலும்பு வேகவைத்ததுதான்.

அதனால் இன்றே மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள், டேபிள் புக் செய்யும்போதே அவர் சொல்லிவைப்பார். இங்கே அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. தட்டு வந்த பிறகு சொன்னால்தான் சங்கடம். மீன், வாத்து சாப்பிடுவீர்கள் என்றால் பிரச்சினையே இல்லை. வாத்துக்காலை அதன் கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்து, தோல் மொறுமொறுவென்று வரும் 'கான்ஃபி த கனார்' இருந்தால் யோசிக்காமல் சொல்லுங்கள். காரம்தான் இருக்காது.

உள்ளே நுழைந்ததும் 'போன்சுவார்' (மாலை வணக்கம்) சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள், அதற்குத்தான் முகம் சுளிப்பார்கள். தண்ணீருக்கு 'கராஃப் தோ' என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர்தான், காசு கிடையாது, சட்டமே அப்படி. வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வந்து பில்லில் ஏறிவிடும். ஒயின் வேண்டாம் என்றால் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

டிப்ஸும் கேட்டிருந்தீர்கள். இந்தமுறை பில் மேனேஜருடையது. பிறகு நீங்களாகப் போகும்போதும் கவலை வேண்டாம், 1987 முதல் மெனு விலையிலேயே சர்வீஸ் கட்டணம் அடக்கம். பிடித்திருந்தால் சில்லறை வைக்கலாம், கட்டாயமில்லை. பில்லையும் நீங்களாகக் கேட்டால்தான் கொண்டுவருவார்கள்.

அப்புறம், காலிவயிற்றோடு மட்டும் போகாதீர்கள். எட்டு மணிக்கு உட்கார்ந்தாலும் முக்கியத் தட்டு வர ஒன்பதாகலாம். அதற்குள் ரொட்டிக் கூடையைக் காலி செய்துவிட்டால் வாத்துக்கு இடமிருக்காது.