இம்தியாஸ் தார்க்கரின் ‘பிளெஸ்ஸிங்’ கவிதையைப் பகுத்து எழுதுவது எப்படி?

தண்ணீர் போதாத குடிசைப் பகுதியில் திடீரென்று குழாய் உடைந்து தண்ணீர் பீறிடுவதுதான் இந்த ஆங்கிலக் கவிதை; ‘பிளெஸ்ஸிங்’ என்றால் ஆசி. இதற்குக் கிடைக்கும் நோட்ஸ் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, எப்படிப் பகுத்து எழுதுவது என்று கேட்கிறீர்கள். இருக்காதா பின்னே? உவமை, உருவகம் என்று பெயர் ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த உவமை அங்கே என்ன வேலை செய்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. தேர்வில் கேட்பதோ அதைத்தான்.

முதலில் பென்சிலை எடுத்து வரிகளை எண்ணுங்கள். நான்கு பத்திகள்: 2, 4, 11, 6. முதல் இரண்டு வரியும் தனித்தனி முற்றுப்புள்ளியோடு வறண்டு நிற்கின்றன. மூன்றாம் பத்தியில் குழாய் உடைகிறது. குடிசைகளிலிருந்து ஜனம் ஓடிவரும் இடத்தில் தொடங்கும் வாக்கியம் பத்தியையும் தாண்டி, கவிதையின் கடைசிச் சொல்லில்தான் நிற்கிறது. வடிவம் பற்றி எழுத இது போதும்.

முதல் வரியில் தோல் நெற்றுபோல வெடிக்கிறது. ‘பாட்’ (pod) என்ற ஆங்கிலச் சொல்லைப் பச்சைக் காய் என்று எடுத்துக்கொண்டால் வரி விளங்காது. முற்றிக் காய்ந்து, தொட்டால் தெறிக்கும் நெற்று அது. யாருடைய தோல்? ‘என்’, ‘அவள்’ எதுவும் இல்லை. அதனால் மனிதத் தோலும் பாளம் பாளமாக வெடித்த தரையும் ஒன்றாகிவிடுகின்றன. வெடித்தால்தானே விதை வெளியே வரும், ஆகவே நம்பிக்கை என்றும் சிலர் எழுதுவார்கள். எனக்கு அது இழுத்துப் பிடித்த பொருளாகப் படுகிறது.

இரண்டாம் பத்தியில் தண்ணீர் வந்துவிட்டதாக எழுதிவிடாதீர்கள். தகரக் குவளையில் விழும் சொட்டைக் கற்பனை செய்துகொள் என்கிறார் கவிஞர், அவ்வளவுதான்.

பிறகு இரண்டு நிறப் பேனா எடுத்துச் சொற்களைக் குறியுங்கள். கடவுள், வழிபாட்டுக்குக் கூடும் சபை, ஆசி: இவை ஒரு நிறம். வெள்ளி, ‘ஃபார்ச்சூன்’: இவை இன்னொன்று. ‘ஃபார்ச்சூன்’ அதிர்ஷ்டமும்தான், செல்வமும்தான். காசில்லாத இடத்தில் தண்ணீரே காசாகவும் சாமியாகவும் ஆகிறது. உங்கள் மையக் கருத்தை இங்கிருந்து எடுங்கள். பாத்திர வரிசையையும் விடாதீர்கள். பித்தளை, செம்பில் தொடங்கி அலுமினியத்துக்கு இறங்கி, பிளாஸ்டிக் வாளிக்கு வந்து, கடைசியில் வெறும் கைகள். அதற்குக் கீழே ஏந்த எதுவும் இல்லை.

உடையும் குழாயை ‘முனிசிபல்’ (நகராட்சி) குழாய் என்கிறார்; அந்தச் சொல்லைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கவிதையில் ஊர்ப்பெயர் கிடையாது; மும்பைக் குடிசைப் பகுதி என்பது வெளியிலிருந்து நமக்குத் தெரிந்த தகவல். இந்த ஒரு அலுவலகச் சொல்தான் ‘இது நகரம், தண்ணீர் பூமிக்கடியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, இவர்களுக்கு வருவதில்லை’ என்று காட்டுகிறது. ஆக, அருள் என்று கொண்டாடப்படுவது ஒரு குழாய்ப் பழுது. விட்டுவிட்டுத் தண்ணீர் விடும் ஊர்களில் அழுத்தம் குறைந்ததும் அதே விரிசல் வழியாகச் சாக்கடை உள்ளே போகும். கவிதையில் அது இல்லை, எழுத வேண்டாம். ஆனால் தெரிந்துகொண்டு படித்தால் ‘ஏழைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்’ என்று முடிக்கக் கை வராது.

கவிஞர் வறுமையை அழகாக்கிவிட்டார் என்று கீழே பதில்களில் சிலர் சண்டைக்கு வருவார்கள். கடைசிப் பத்தியில் பளபளப்பு கூடுதல்தான், மறுக்கவில்லை. வெயிலும் தண்ணீரும் ஒன்றாகி, பிள்ளைகளின் உடம்பு மெருகேற்றியதுபோல மின்னுகிறது. ஆனால் ஆசி எதன் மேல் பாடுகிறது என்று பாருங்கள். உடல்கள் என்று எழுதியிருக்கலாம். எலும்புகள் என்று எழுதியிருக்கிறார், அதுவும் சின்ன எலும்புகள்.