‘வாலைப்பலம்’ என்கிறாள்... காதில் குறையா?

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. வாழைப்பழத்தை ‘வாலைப்பலம்’ என்கிறாள், கிளியை ‘கிலி’ என்கிறாள். நானும் விளையாட்டாக “பலம் வேணுமா?” என்றால், “அப்படி இல்லம்மா, பலம்!” என்று கோபித்துக்கொள்கிறாள். காது சரியாகக் கேட்கவில்லையோ?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்தக் கோபமே நல்ல அறிகுறி. நீங்கள் சொன்ன ‘பலம்’ தப்பு என்று அவள் காது பிடித்துவிட்டது. தன் வாயிலும் அதேதான் வருகிறது என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. அமெரிக்காவில் குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்த ஜீன் பெர்கோ, ரோஜர் பிரௌன் இருவரும் 1960-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மீனை ‘ஃபிஸ்’ என்ற குழந்தை, பெரியவர் ‘ஃபிஸ்’ என்றதும் மறுத்தது. ‘ஃபிஷ்’ என்ற பிறகே ஒப்புக்கொண்டது.

நாக்குக்குத்தான் இது கடினமான வேலை. ‘ல’வுக்கு நுனிநாக்கு மேல்பல்லின் பின்புறம் பட்டால் போதும். ‘ள’வுக்குப் பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொட வேண்டும். ‘ழ’வுக்கு வளைந்தும் தொடாமல் நிற்க வேண்டும்.

சந்தேகம் தீர வீட்டிலேயே பார்க்கலாம். புலி, புளி இரண்டுக்கும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். (‘ழ’ வேண்டாம், பல வீடுகளில் பெரியவர்களே ‘பளம்’ என்றுதான் பேசுகிறோம்.) இரண்டு சொல்லும் அவளுக்குத் தெரியுமா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். வாயைத் தாளால் மறைத்து, வழக்கமான குரலில், முன்பின்னாகக் கலந்து 10 முறை சொல்லுங்கள். அவள் படத்தைத் தொட்டால் போதும், திருப்பிச் சொல்ல வேண்டாம். குருட்டாம்போக்கில் தொட்டாலே 5 சரியாக வரும் என்பதால், 9 அல்லது 10 வந்தால்தான் வித்தியாசம் கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் கெடுப்பது நம் கண்தான்: சரியான படத்தை நம்மையறியாமல் பார்த்துவிடுவோம். ‘ள’வை அழுத்திச் சொல்வதும் அப்படியே. சளி பிடித்திருக்கும் நாளில் செய்யாதீர்கள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்து, கேட்பது மந்தமாகியிருக்கலாம்.

“எங்கே, பழம் சொல்லு” என்று நச்சரிக்காதீர்கள். “வாழைப்பழமா? பழத்தை உரிச்சுத் தரட்டுமா?” என்று உங்கள் பேச்சில் சரியான ஒலி இரண்டு மூன்று முறை அவள் காதில் விழட்டும். கேலியாகத் திருப்பிச் சொல்வதையும் நிறுத்திவிடுங்கள்.

இரண்டு வெவ்வேறு நாளிலும் 9-க்குக் கீழே வந்தாலோ, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செவித்திறன் பரிசோதனையும் நடுச்செவி அழுத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். காது நன்றாக இருந்தும் அக்கம்பக்கத்தாருக்கு அவள் பேச்சு பெரும்பாலும் புரியவில்லை என்றால், பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.