சைக்கிள் ஓட்டிவிட்டுப் போய் பிஎஸ்ஏ பார்க்கலாமா?

கேள்வி: என் வயது 57. கோவையில் இருக்கிறேன். ஆறு வருடமாகத் தினமும் விடியற்காலையில் சிறுவாணி ரோட்டில் 35 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறேன். போன மாதம் முழு உடல் பரிசோதனை செய்தேன். அன்றைக்கும் ஓட்டி முடித்துவிட்டுத்தான் லேபுக்குப் போனேன். புராஸ்டேட் சுரப்பிக்காகப் பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையில் 5.2 என்று வந்திருக்கிறது. "சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் புராஸ்டேட் கெட்டுப்போச்சு, சைக்கிளை வித்துடுங்க" என்கிறார் மச்சான். கூட ஓட்டும் நண்பரோ, "சைக்கிள் ஓட்டினா பிஎஸ்ஏ கூடத்தான் காட்டும், கண்டுக்காதீங்க" என்கிறார். ஒரு மணி நேரம் தாண்டினால் எனக்கு அடிப்பகுதி மரத்துப்போவதும் உண்டு. என்ன செய்யலாம் டாக்டர்?

பதில்: சைக்கிளை விற்க வேண்டாம். அந்த 5.2-ஐக் கண்டுகொள்ளாமல் இருக்கவும் வேண்டாம். இரண்டு பேரில் உங்கள் நண்பர் சொன்னதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது, அதனாலேயே நம்பிவிடுவீர்கள்.

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும் சுரப்பி. விந்து நீர்த்துப்போக உதவும் பிஎஸ்ஏ என்ற புரதத்தை அது சுரக்கிறது. அதில் கொஞ்சம் ரத்தத்திலும் கசியும். புற்றுநோய் இருந்தால் இந்தக் கசிவு கூடலாம். ஆனால் வயதாக ஆகச் சுரப்பி வீங்கினாலும் கூடும். சிறுநீர்த் தொற்று வந்தாலும், முந்தின நாள் விந்து வெளியேறியிருந்தாலும் கூடும். சைக்கிள் சீட் அழுத்துவது விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள இடத்தை. அதற்கு உள்பக்கமாகக் கொஞ்சம் மேலேதான் புராஸ்டேட் இருக்கிறது.

சரி, சீட் அழுத்துவதால் எவ்வளவு ஏறும்? 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், ஐம்பது வயதைத் தொட்ட, தாண்டிய 129 ஆண்களை 55 முதல் 160 கிலோமீட்டர் வரை ஓட்டச் சொல்லி, இறங்கியதுமே ரத்தம் எடுத்தார்கள். பிஎஸ்ஏ சராசரியாக 9.5 சதவீதம் ஏறியிருந்தது. ஏற்றமே இல்லை என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. இந்த 9.5-ஐயே உங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள்: 5.2 என்பது ஓட்டாமல் இருந்திருந்தால் சுமார் 4.7. அதுவும் பொதுவாக எல்லையாக வைக்கும் 4-க்கு மேல்தான். முழுப் பழியையும் சைக்கிள் மேல் போட முடியாது என்பது இதனால்தான்.

அதற்காக இன்றே பயாப்ஸி (சுரப்பியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பது) என்று ஓடவும் வேண்டாம். பிஎஸ்ஏ ஒரே ஆளுக்கே மாதத்துக்கு மாதம் மாறும். திரும்பப் பார்க்கும்போது பலருக்கு இறங்கிவிடுகிறது. முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். தொற்று இருந்தால் அதைச் சரிசெய்து, ஆறு வாரம் கழித்துத்தான் பிஎஸ்ஏ பார்க்க வேண்டும். தொற்று இல்லையென்றால் சில வாரம் விட்டு அதே லேபில் எடுங்கள். லேபுக்கு லேப் அளவிடும் முறை மாறுபடும். ரத்தம் கொடுக்கும் முன் குறைந்தது 48 மணி நேரம் சைக்கிள் வேண்டாம், தாம்பத்திய உறவும் வேண்டாம். இந்த இரண்டாவது விஷயத்தை லேபில் யாரும் சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்கக் கூச்சப்படுவோம். ஏறிய பிஎஸ்ஏ பாதியாகக் குறையவே இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால், தினமும் ஓட்டும் நீங்கள் ஐந்து நாள் விட்டால் எனக்கு இன்னும் திருப்தி. முடி கொட்டுவதற்கோ புராஸ்டேட் வீக்கத்துக்கோ ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அவசியம் சொல்லுங்கள். அவை சில மாதங்களில் பிஎஸ்ஏவைப் பாதியாக இறக்கி, உண்மையான அளவை மறைத்துவிடும்.

அப்படியும் 4-க்கு மேலேயே நின்றால் சிறுநீரகவியல் மருத்துவரிடம் போங்கள். ஆசனவாய் வழியாக விரலால் புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்ப்பார், எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்பார். சந்தேகமான இடம் தெரிந்தால் பிறகு பயாப்ஸி. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ புராஸ்டேட் புற்றுநோய் வந்திருந்தால் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, காய்ச்சலோடு எரிச்சல் இருந்தாலோ இந்தக் காத்திருப்பெல்லாம் கிடையாது, அன்றே போக வேண்டும்.

மச்சான் பயப்படுவது போல சைக்கிளால் புற்றுநோய் வரும் என்று நிரூபணமாகவில்லை. 2014-ல் பிரிட்டனில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்களிடம் விவரம் கேட்டபோது, அதிக நேரம் ஓட்டும் ஐம்பது வயது கடந்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் சற்று அதிகமாகத் தெரிந்தது. ஆனால் நோய் இருந்தவர்கள் வெகு சிலரே. இதை வைத்து சைக்கிள்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். ஆறு வருடச் சைக்கிள் உங்கள் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் செய்திருக்கும் நல்லதை இதற்காக நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மரத்துப்போவது வேறு விஷயம், அதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த இடத்தில் ஓடும் நரம்பு நசுங்குவதால் வருவது அது. இதே தொந்தரவோடு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை, சைக்கிளைக் கிளினிக்குக்கே கொண்டுவரச் சொன்னேன். வாசலில் நிறுத்தி சீட்டின் மேல் ஒரு அடி ஸ்கேலை வைத்ததும் தெரிந்துவிட்டது: முன்மூக்கு ஒரு விரற்கடை மேலே தூக்கிக்கொண்டிருந்தது. அதைச் சமமாக இறக்கினோம். மிதி கீழே வரும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி உயரத்தையும் குறைத்தோம். இரண்டு வாரத்தில் மரத்துப்போவது நின்றுவிட்டது. நீங்களும் இதைச் செய்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள். நடுவில் பள்ளமுள்ள, உட்காரும் எலும்புகள் இரண்டும் பதியும் அகலத்தில் சீட் வாங்குங்கள். மெத்தென்ற ஜெல் சீட்டில் எலும்பு அமுங்கி நடுப்பகுதி மேலே அழுத்தும், அதனால் அதைத் தவிர்த்துவிடலாம்.

போன வருடங்களில் எடுத்த பழைய ரிப்போர்ட்டுகளில் பிஎஸ்ஏ இருக்கிறதா என்று வீட்டில் தேடுங்கள். மூன்று வருடம் முன்பே 4.8 இருந்ததா, 1.5 இருந்ததா என்பதைப் பொறுத்து மருத்துவரின் அடுத்த முடிவே மாறும்.