ஆபரேஷன் முடிஞ்சு டிஸ்சார்ஜ் ஆகறதுக்கு முன்னாடி, கால்ல ரத்தக்கட்டி இருக்கான்னு ஸ்கேன் கேட்டு எடுத்துக்கலாமா?

அப்பாவுக்குக் குடல் ஆபரேஷன் முடிஞ்சுடுச்சு, ரெண்டு நாள்ல டிஸ்சார்ஜ், காலும் நல்லாத்தான் இருக்கு, ஆனாலும் சேஃப்டிக்கு ஒரு டாப்ளர், அதான் ரத்தக்குழாயைப் பாக்கற ஸ்கேன், எடுத்துட்டுப் போயிடலாமான்னு கேட்டிருக்கீங்க. வீட்டுல கூகுள் பண்ற ஆள் நீங்கதான், மத்தவங்க எல்லாம் "நீயே பாத்துக்கோ"ன்னு விட்டிருப்பாங்க, சரியா? நானும் அதே கேஸ்தான். அந்த ஸ்கேனை சண்டை போட்டுக் கேட்டு எடுத்து, அதாலயே எங்கம்மா கால்ல கட்டி வர வெச்சவன் நான். "ஸ்கேன் எடுத்தா எப்படிங்க கட்டி வரும்"னு உடனே கிளம்பி வராதீங்க, முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க. நான் டாக்டரும் இல்ல, பாங்க்ல கேஷ் கவுன்டர்ல உக்கார்றவன்.

போன வருஷம் அம்மாவுக்கு, வயசு 67, பெருங்குடல்ல கேன்சர்னு ஒரு பகுதியை வெட்டி எடுத்தாங்க. மறுநாள்லேர்ந்து தொப்புளுக்குப் பக்கவாட்டுல தினம் ஒரு ஊசி, எனாக்ஸாபரின் 40 மி.கி. ரத்தம் உறையாம இருக்கறதுக்கு. நர்ஸ் பொண்ணு எழுப்பி நடக்க வெச்சா, பெரியம்மா "தையல் பிரிஞ்சுடும், படுடி"ன்னு திரும்பப் படுக்க வெப்பாங்க. நான் ராத்திரி வார்டு வராண்டாவுல உக்காந்து டிவிடி பத்திப் படிச்சேன். கால்ல ஆழமா இருக்கற ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டிக்கறது, அது பிச்சுக்கிட்டுப் போய் நுரையீரல்ல அடைச்சா ஆளையே தூக்கிடும். அப்பாவுக்கு டிவிடின்னா படம் போட்டுப் பாக்கற டிவிடிதான், "வயித்துலதானடா ஆபரேஷன், கால்ல ஏன் டிவிடி"ன்னாரு. சிரிக்காதீங்க, நல்ல கேள்வி அது. ஆபரேஷனுக்கு அப்புறம் ரத்தமே சட்டுனு உறையற குணத்துக்கு மாறிடும், கேன்சர் வேற அதைக் கூட்டும், படுத்தே இருந்தா கால்ல ரத்தம் தேங்கும்.

டிஸ்சார்ஜுக்கு முன்னாடி டாப்ளர் எடுங்கன்னு சர்ஜன்கிட்ட கேட்டேன். "அறிகுறி எதுவும் இல்லாதப்போ தேவையில்ல சார், ஊசி போடறோம், நடக்கறாங்க, அதான் முக்கியம்"னாரு. நான் விடல. காசு மிச்சம் பண்றாங்கன்னு நினைச்சேன், ஸ்கேன் எழுதினாத்தானே அவங்களுக்குக் காசு, அது கூட மண்டையில ஏறல. கடைசில "சரி, உங்க திருப்திக்கு"ன்னு எழுதிக் குடுத்தாரு. நானும் உள்ள நின்னு பாத்தேன். ஜெல்லைத் தடவி அந்தக் கருவியை வெச்சு அமுக்கினா, ஸ்க்ரீன்ல பக்கத்துல பக்கத்துல ரெண்டு கருப்பு வட்டம், ஒண்ணு துடிச்சுக்கிட்டே உருண்டையா இருக்கு, இன்னொண்ணு அமுக்கினதும் தட்டையா மூடிக்குது. அப்படி மூடினா கட்டி இல்லைன்னு அர்த்தமாம். தொடைலேர்ந்து கெண்டைக்கால் வரைக்கும் எல்லாம் மூடுச்சு. ரிப்போர்ட் நார்மல்.

ஏழாவது நாள் வீட்டுக்கு வந்தாச்சு. டிஸ்சார்ஜ் சம்மரில ஆபரேஷன் நாள்லேர்ந்து கணக்கு பண்ணி மொத்தம் 28 நாள் ஊசின்னு தெளிவா இருந்துச்சு, அதுல ஆஸ்பத்திரி மேல தப்பே சொல்ல மாட்டேன். தெரு முனை கிளினிக்ல இருக்கற அக்கா வந்து போட்டுட்டுப் போவாங்க. அம்மா வயிறு பூரா நீலநீலமா, நாவப்பழம் நசுக்கின மாதிரி. பத்தாவது நாள் "ஸ்கேன்தான் நார்மல்னு வந்துடுச்சேடா, இன்னும் எதுக்குடா குத்தறீங்க"ன்னு அழுதாங்க. எனக்கும் கரெக்டாத்தான் பட்டுச்சு. டாக்டருக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கணும், போடல. நிறுத்திட்டேன்.

பதினேழாவது நாள் அம்மா குளிச்சுட்டு வந்து உக்காந்து "இந்தக் கால் மெட்டி சுத்தவே மாட்டேங்குது"ன்னாங்க. ஆபரேஷனுக்குக் கழட்டினது, வீட்டுக்கு வந்து அவங்களே போட்டுக்கிட்டது. வலது கால் மெட்டி லூசா சுத்துது, இடது கால்ல சதையில பதிஞ்சு கிடக்கு. டெய்லர் டேப்பை எடுத்து அளந்தேன், கெண்டைக்கால் ரெண்டுக்கும் 4 செ.மீ வித்தியாசம். தொட்டா சூடு.

எங்க ஃப்ளாட் பெரம்பூர்ல மூணாவது மாடி. லிஃப்ட் ஓடல. ஓடி அப்போ ரெண்டு மாசம் ஆகுது, ஏன்னா மெயின்டனன்ஸ் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கப் பணம் இல்லையாம், ஆனா கேட்டுக்கு மேல ஆர்ச் வெச்சு லைட் போடப் பணம் இருந்துச்சு. செக்ரட்டரி கிரவுண்ட் ஃப்ளோர், அவருக்கு லிஃப்ட் எதுக்கு? வயித்துல தையலோட இருக்கற 67 வயசு அம்மாவை பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சு நானும் வாட்ச்மேனும் தூக்கிட்டு இறங்கறோம், அவர் கீழ நின்னு "பாத்து, பெயின்ட் உரசிடப் போகுது"ங்கறாரு. மாசாமாசம் ஒண்ணாம் தேதி முதல் ஆளா மெயின்டனன்ஸ் கட்டறவன் சார் நான். விடுங்க, அதைப் பேசினா இன்னிக்கு முடியாது.

திரும்ப அதே ஸ்க்ரீன், அதே ரெண்டு வட்டம். தொடையில அமுக்கறாங்க, மூடல. இன்னும் அமுக்கறாங்க, மூடல. கட்டி முட்டிக்கு மேல வரைக்கும் ஏறியிருந்துச்சு. நல்லவேளை மூச்சு வாங்கல, நெஞ்சு வலி இல்ல. தினம் ஒரு 40 வேணாம்னு நிறுத்தின ஊசி, இப்போ 60 மி.கி காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. அப்புறம் ஆறு மாசம் மாத்திரை.

அப்ப ஸ்கேனே தப்பான்னா, இல்ல. கால் வீங்கினா, ஒரு கால்ல மட்டும் வலிச்சா அன்னிக்கே எடுக்கணும், தள்ளிப் போடவே கூடாது. ஒண்ணுமே இல்லாதப்போ எடுக்கற ஸ்கேன் அன்னிக்கு நிலவரத்தை மட்டும்தான் சொல்லும், அடுத்த மூணு வாரத்துக்கு அது கேரன்டி கார்டு இல்ல, நான் அதை கேரன்டி கார்டா பிடிச்சுக்கிட்டேன். அமெரிக்க நெஞ்சுநோய் மருத்துவர் கல்லூரி 2012ல போட்ட வழிகாட்டுதல்லயே, வயித்து ஆபரேஷன் ஆனவங்களுக்கு அறிகுறி இல்லாம சும்மா சும்மா கால் ஸ்கேன் வேணாம்னுதான் இருக்கு. டி-டைமர் ரத்த டெஸ்ட் எடுக்கலாமேன்னு யாராவது சொல்வாங்க, ஆபரேஷன் ஆனாலே அது ஏறித்தான் இருக்கும், வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

நீங்க சர்ஜன்கிட்ட கேக்க வேண்டியது அப்பாவோட கேப்ரினி ஸ்கோர் (ரத்தக்கட்டி வர எவ்ளோ ரிஸ்க்னு போடற மார்க்) எவ்ளோ, வீட்டுல எத்தனை நாள் ஊசின்னு. எங்கம்மாவுக்கு அப்புறமா எங்க சர்ஜன் போட்டுக் காட்டினாரு, வயசுக்கு 2, கேன்சருக்கு 2, பெரிய ஆபரேஷனுக்கு 2, ஆக 6. அஞ்சோ அதுக்கு மேலயோ வந்தாலே ஹை ரிஸ்க். அப்பாவுக்குக் கேன்சரான்னு நீங்க எழுதல, கேன்சர் இல்லேன்னா 28 நாள் இல்லாமலும் இருக்கலாம், அதை உங்க சர்ஜன்தான் சொல்லணும். வீட்டுக்குப் போனதும் முட்டிக்குக் கீழ எலும்பு மேடா இருக்குல்ல, அதுலேர்ந்து 10 செ.மீ கீழ ரெண்டு காலையும் தினம் அளந்து காலண்டர்ல எழுதுங்க. 3 செ.மீக்கு மேல வித்தியாசம் வந்தா கிளம்பிடுங்க. திடீர்னு மூச்சு வாங்கினா, நெஞ்சு குத்தினா, இருமினா ரத்தம் வந்தா டேப்பைத் தேடாதீங்க, 108.

அம்மா இப்போ நடக்கறாங்க. இடது கால் மட்டும் சாயங்காலம் ஆனா கொஞ்சம் உப்பிக்கும், அதனால மெட்டியைக் காலைல போட்டுட்டு நாலு மணிக்குக் கழட்டி டிவி மேல வெச்சுடுவாங்க. லிஃப்ட் இன்னும் ஓடல.