வலைக்கு 98, இறாலுக்கு 78
(வாசகர் கேள்வி – பதில்)

மீன்பிடித் தடைக்காலத்தில் பெற்றோரும் கரையில்தான் இருப்பார்கள். அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் பள்ளியில் நினைவாற்றல் போட்டி வைக்க ஆசை. எண்களை எப்படிப் பழக்குவது? மதிப்பெண் எப்படிப் போடுவது?
– ஓர் ஆசிரியை, மண்டபம்

ஏப்ரல் 15-இல் தடை தொடங்கியதும் பயிற்சியைத் தொடங்கி, மே கடைசியில் போட்டியை வையுங்கள். மூன்று வாரப் பழக்கமாவது இல்லாமல் பிள்ளைகளை மேடையேற்ற வேண்டாம். தோற்றதுதான் நினைவில் நிற்கும். 1991-இல் லண்டனில் தொடங்கிய உலக நினைவாற்றல் போட்டியில் பத்துப் பிரிவுகள் உண்டு. உங்களுக்கு மூன்று போதும்: எண்கள், சொற்கள், பெயரும் முகமும். சீட்டுக்கட்டுப் பிரிவை விட்டுவிடுங்கள். சில வீடுகளில் அதுவே சங்கடமாகிவிடும்.

எண்ணை எண்ணாகவே மனப்பாடம் செய்தால் ஏழெட்டு இலக்கத்தில் நின்றுவிடும். அதைப் பொருளாக மாற்ற வேண்டும். நம் மண்ணுக்கு இது புதிதல்ல. கர்நாடக இசையில் தீரசங்கராபரணம் 29-ஆவது மேளகர்த்தா (தாய் ராகம்) என்பதை அதன் முதல் இரண்டு எழுத்துகளே சொல்கின்றன: தீ 9, ர 2, திருப்பினால் 29. எழுத்துக்கு எண் வைக்கும் அந்தக் கடபயாதி முறைக்கு நான்கு வகைக் 'க' வேண்டும். தமிழில் இருப்பது ஒன்றுதான். ஆகவே இப்படி வைத்துக்கொள்ளலாம்: க 1, ச 2, ட 3, த 4, ப 5, ம 6, ர-ற 7, ல-ள-ழ 8, வ 9, ந-ன-ண 0. உயிரெழுத்து, ய, ங, ஞ இவற்றுக்கு மதிப்பில்லை. இரட்டித்து வரும் மெய்யை ஒன்றாக எண்ணி, ஒரு சொல்லின் முதல் இரண்டு மெய்களை மட்டும் எடுக்க வேண்டும். வலை 98, சங்கு 21, படகு 53, இறால் 78.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 40-க்குத் தோணி என்று வைத்தால் 53-இன் படகோடு குழம்பும். தேன் என்று வையுங்கள். 13-க்குக் கடல் பொருந்தும், ஆனால் கடலுக்கு உருவ எல்லை இல்லை, எதன்மேலும் அதை வைக்க முடியாது. கட்டில் நல்லது. 00 முதல் 99 வரை நூறு சொற்களையும் பிள்ளைகளே தேடட்டும், நாளுக்கு ஐந்து வீதம்.

அடுத்தது வழித்தடம், அதாவது பொருள்களை மனத்தில் வைத்துக்கொண்டே போகும் பழகிய பாதை. மண்டபம் ரயில் நிலையம், சாலைப்பாலம், கலாம் நினைவிடம், ராமேஸ்வரம் கோயிலின் கிழக்குக் கோபுரம், தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயம் என்று வரிசை மாறாத பத்து இடங்கள். ஓர் இடத்தில் இரண்டு பொருள்கள். முதல் பொருள் இரண்டாவதை ஏதாவது செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வரிசை புரண்டுவிடும். 98215378 என்றால், ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் வலை ஒரு சங்கை இழுக்கிறது. பாலத்தின் மேல் படகு இறாலை நசுக்குகிறது. பத்து இடங்களில் 40 இலக்கங்கள் அடங்கும்.

உலகப் போட்டியில் ஒரு வரிசைக்கு 40 இலக்கம். முழுதும் சரியென்றால் 40, ஒரு பிழைக்கு 20, இரண்டு பிழைக்குச் சுழியம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கடுமை. வரிசைக்கு 20 இலக்கம் வைத்து 20, 10, 0 என்று கொடுங்கள். பார்க்க 5 நிமிடம், எழுத 15 நிமிடம். எண்களைக் கையால் எழுதாமல் கணினியில் எடுங்கள். கையால் எழுதுபவர் தம்மை அறியாமலே 77, 00 போன்ற இரட்டைகளைத் தவிர்த்துவிடுவார். கடற்காற்று வீசும் வகுப்பறையில் தாளுக்குக் கிளிப் கட்டாயம்.

கோயில் மூன்றாம் பிரகாரத்தில் 1,212 தூண்கள் இருக்கின்றனவே, அவற்றையே நினைவு இடங்களாக வைக்கலாமா?
– கல்லூரி மாணவர், ராமேஸ்வரம்

வேண்டாம். அந்தப் பிரகாரத்தின் அழகே தூணுக்குத் தூண் ஒத்திருப்பதில்தான். நினைவுக்கு அதுவே பகை. 47-ஆம் தூணையும் 48-ஆம் தூணையும் மனம் பிரித்தறியாது. 22 தீர்த்தங்கள் கொஞ்சம் மேல், அதுவும் நீங்கள் நடந்து நடந்து ஒவ்வொன்றின் சூழலையும் தனித்தனியே அறிந்திருந்தால்.

நிமிடத்துக்கு 1,000 சொல் படிக்கலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். உண்மையா?
– வாசகி, கீழக்கரை

புரிந்து படிப்பதானால், இல்லை. கண் வரியில் வழுக்கிப் போவதில்லை. தாவி நிற்கிறது, நிற்கும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய கால் விநாடி ஆகிறது. கீத் ரெய்னரும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வேகம் ஏற ஏறப் புரிதல் இறங்குவதையே கண்டார்கள். ஆங்கிலத்தில் பெரியவர் ஒருவர் மௌனமாகப் படிக்கும் வேகம் நிமிடத்துக்கு 240 சொல் அளவில்தான். அந்தக் கணக்கும் தமிழுக்கு ஒத்துவராது. 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்பது நமக்கு ஒரே சொல்.

போட்டி வைப்பதானால் எல்லோருக்கும் ஒரே பகுதி, 900 சொல். வேகத்தைப் புரிதல் விழுக்காட்டால் பெருக்குங்கள். 3 நிமிடத்தில் முடித்தவர் வேகம் 300. பத்துக்கு ஐந்து சரியென்றால் 150. நான்கரை நிமிடம் எடுத்தவர் வேகம் 200. ஒன்பது சரியென்றால் 180, அவரே முந்தியவர். பகுதியைப் படிக்காத ஒருவரிடம் கேள்விகளை முதலில் கொடுத்துப் பாருங்கள். அவர் நான்குக்கு மேல் சரியாகச் சொன்னால் அந்த வினாத்தாள் பொதுஅறிவைத்தான் சோதிக்கிறது, மாற்றிவிடுங்கள்.

மனவரைபடப் போட்டியில் அழகாக வரைந்தும் மதிப்பெண் குறைந்தது. ஏன்?
– பிளஸ் டூ மாணவி, தொண்டி

மனவரைபடம் என்பது நடுவில் தலைப்பும் அதிலிருந்து பிரியும் கிளைகளுமாகப் பாடத்தை வரைவது. நீங்கள் கிளையில் வாக்கியம் எழுதியிருப்பீர்கள். ஒரு கிளைக்கு ஒரு சொல், அதுவும் வேற்றுமை உருபு இல்லாமல்: 'கடல்வாழ் உயிர்களைப் பாதுகாக்க வேண்டும்' அல்ல, 'பாதுகாப்பு'. ஏ3 தாளைக் கிடையாக வைத்து, நடுவில் ஐந்தாறு சென்டிமீட்டரில் படம், குறைந்தது மூன்று நிறம், ஐந்து முதல் ஏழு முதன்மைக் கிளைகள். கிளை நடுவில் தடித்து நுனியில் மெலியட்டும்.

எங்கள் கணிப்பில் உண்மையான மதிப்பெண் குறுக்கு இணைப்பில் இருக்கிறது. மன்னார் வளைகுடா தலைப்பு என்றால் 21 தீவுகள், பவளப்பாறை, கடற்புல், கடற்பசு, மீன்பிடி என்று எல்லோரும் எழுதுவார்கள். மீன்பிடிக் கிளையிலுள்ள இழுவைமடியிலிருந்து அது சிதைக்கும் கடற்புல்லுக்கும், அங்கிருந்து அதைத் தின்னும் கடற்பசுவுக்கும் அம்பு போட்டவர்தான் பாடத்தைப் புரிந்தவர்.

இதெல்லாம் பழகினால் பரீட்சை மதிப்பெண் ஏறுமா?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

தானாக ஏறாது. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 1980-இல் வெளியானது. அதில் ஒரு மாணவர் 230 மணி நேரம் பழகி, கேட்ட 79 இலக்கங்களை அப்படியே திருப்பிச் சொன்னார். இலக்கத்துக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் மீண்டும் ஆறுக்கே வந்துவிட்டார். வளர்ந்தது எண்களைக் கையாளும் உத்தி. பொதுவான நினைவாற்றல் அல்ல.

அதனால் அந்த உத்தியைப் பாடத்துக்கே கொண்டுபோங்கள். வரிசையாக நினைவில் வைக்க வேண்டியவற்றுக்கு வழித்தடம், ஆண்டுகளுக்கு எண்–சொல், காரண காரியத்துக்கு மனவரைபடம். படித்த மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் புத்தகத்தை மூடிவைத்து வெற்றுத்தாளில் எழுதச் சொல்லுங்கள். விட்டுப்போனதை மட்டும் சிவப்பு மையில் சேர்க்கட்டும். அடுத்த முறை அந்தச் சிவப்பிலிருந்து தொடங்கலாம்.